மணல்மேல் நிற்கும் மானியம்

கடலோரப் போலீசாரின் ரோந்துப் படகைச் செப்பனிட, அல்லது புதுப்பிக்க, இத்தனை இலட்சம் ஒதுக்கப்பட்டது என்று ஏடுகளில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். நாலு வரிச் செய்தி. பக்கத்திலே அமைச்சர் பச்சைக்கொடி அசைக்கும் படம் இருக்கும். படத்தைப் பார்ப்போம், செய்தியைத் தாண்டிப் போய்விடுவோம். அரிசி விலையா அது, நம் அடிவயிற்றைச் சுட? ஆலைக் கதவடைப்பா, நம் நெஞ்சைக் கலக்க? போலீசாருக்குப் படகு! வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்பது நம்மவரின் நினைப்பு. "போலீசுக்குக் கருவி கொடு என்று நம் ஏடும் எழுத வேண்டுமா?" என்று முகம் சுளிக்கும் தோழர்களும் உண்டு. தடியடி பட்ட தோள்கள் அவை. சுளிப்பில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் கேளுங்கள். அந்த நாலு வரிக்குள்ளே டில்லிக்கும் மாநிலங்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் முழுவதும் சுருண்டு கிடக்கிறது. வலை வீசி வயிறு வளர்க்கும் மீனவனின் உயிரும் அதிலேதான் ஊசலாடுகிறது. அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களைக் கடற்கரைக்கு அழைக்கிறேன்.

கதை 1993-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் பம்பாய் மாநகரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன; 257 பேர் மாண்டனர். அந்த வெடிமருந்து வானத்திலிருந்து விழவில்லை. மராட்டிய மாநிலத்தின் ராய்கட் மாவட்டத்தில், சேகாடி என்னும் சிற்றூரின் கரையிலே, படகிலிருந்து இறக்கப்பட்டது. கடல்வழி கதவில்லா வீட்டின் கொல்லைப்புறம் என்பதை அன்றே உணர்ந்திருக்க வேண்டும். தமிழகம் உணர்ந்தது. மறு ஆண்டே, 1994-இல், கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்ற தனிப் பிரிவு இங்கே அமைந்தது. டில்லி? 2001-இல் மத்திய அமைச்சர்களின் குழு ஒன்று, கரையோர மாநிலங்களுக்குத் தனிக் கடற்போலீஸ் வேண்டும் என்று அறிக்கை தந்தது. 2005-இல் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஒன்பது மாநிலங்கள், நான்கு யூனியன் பிரதேசங்கள், 73 போலீஸ் நிலையங்கள், 204 படகுகள். படகு கட்டும் பொறுப்பு கோவாவிலும் கல்கத்தாவிலும் உள்ள அரசாங்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு 2008-இல்தான் தரப்பட்டது.

குண்டு வெடித்து ஒப்புதல் பெறப் பன்னிரண்டு ஆண்டு. ஒப்புதல் கையிலிருந்து கப்பல் தளத்துக்குப் போக மூன்று ஆண்டு!

2008 நவம்பர் 26. கராச்சியிலிருந்து கடலேறிய பத்துப் பேர், போர்பந்தரைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடிப் படகை நடுக்கடலில் மடக்கினர். அதை ஓட்டியவரையும் உடனிருந்த ஏழைத் தொழிலாளரையும் கொன்றனர். மும்பை நெருங்கியதும் ரப்பர் படகுக்கு மாறி, மச்சிமார் நகர் என்ற மீனவர் குடியிருப்பின் கரையிலே காலூன்றினர். பிறகு நடந்ததை உலகு அறியும். 166 உயிர்கள் போயின. உலகு அவ்வளவாகப் பேசாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு அந்தக் கரையிலே நின்று, "யாரப்பா நீங்கள்? எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று முதன்முதல் கேட்டவர்கள் மீனவர்கள். போர்க்கப்பலின் தூரநோக்கி காணாததை வலை உலர்த்தும் கண்கள் கண்டன. 2005-இல் ஒப்புதல் பெற்ற 204 படகுகள் அப்போது எங்கே இருந்தன? கட்டப்பட்டுக்கொண்டிருந்தன! மறு ஆண்டு, 2009 ஏப்ரலிலிருந்துதான் அவை ஒவ்வொன்றாய் மாநிலங்களுக்கு வரத் தலைப்பட்டன.

வந்தனவே, அந்த மட்டும் மகிழ்ச்சி. தமிழகத்துக்கு முதற் கட்டத்திலே 12 நிலையங்களும் 24 படகுகளும் கிடைத்தன. பன்னிரண்டு டன் படகு பாதி, ஐந்து டன் படகு பாதி. இரண்டாம் கட்டம் 2011 ஏப்ரலில் தொடங்கியது. நாடு முழுவதற்கும் 131 நிலையங்கள், 60 படகுத் துறைகள், 1,579.91 கோடி ரூபாய். தமிழகத்துக்கு மேலும் 30 நிலையங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் நம் கரையிலே இப்படி 42 நிலையங்கள். பெயர்ப்பலகை, ஜீப்பு, மோட்டார் சைக்கிள் எல்லாம் உண்டு. குறை சொல்வதற்கு என்ன இருக்கிறது என்பீர்கள்.

கணக்கு இருக்கிறது, தோழர்களே! கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டவன் நான். பெரிய கணக்கெல்லாம் எனக்கு வராது. வகுத்தலும் பெருக்கலும் வரும். முதற் கட்டத்துக்கு டில்லி தொடக்கத்தில் வகுத்த பணம், வாங்குவதற்கும் கட்டுவதற்கும் 400 கோடி ரூபாய். எரிபொருள், பழுதுபார்த்தல், பயிற்சி ஆகிய தொடர்செலவுக்கு 151 கோடி. ஐந்து ஆண்டுக்கு இது. ஆண்டுக்கு முப்பது கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 204 படகுகளுக்குப் பங்கிட்டால் படகு ஒன்றுக்கு ஆண்டுக்குப் பதினைந்து இலட்சத்துக்கும் குறைவு. நாளொன்றுக்கு நாலாயிரம் ரூபாய் சொச்சம்! அதிலேதான் டீசல், அதிலேதான் எஞ்சின் பழுது, அதிலேதான் ஆட்களுக்குப் பயிற்சி. பழுதையும் பயிற்சியையும் மறந்து, பணம் முழுவதையும் டீசலுக்கே கொட்டுவதாக வைத்துக்கொண்டாலும், 2021-லேயே லிட்டர் தொண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்ட விலைக்கு 45 லிட்டர்தான் தேறும். சீறிப் பாய்ந்து கள்ளப் படகை விரட்ட வேண்டிய பன்னிரண்டு டன் படகுக்கு அது தாகம் தணிக்கும் தண்ணீரன்று. நாக்கு நனைக்கும் துளி.

அந்தத் துளியும் ஐந்தாண்டுக்குத்தான். பிறகு டீசலும் பழுதும் மாநிலத்தின் பொறுப்பு. ஆட்களுக்கான சம்பளம் தொடக்கம் முதலே மாநிலத்தின் பொறுப்பு. இரண்டாம் கட்டமும் நீட்டி நீட்டி 2020 மார்ச் 31-ஆம் நாளோடு முற்றுப்பெற்றது. அதிலும் 1,579.91 கோடியில் தொடர்செலவின் பங்கு 425 கோடிதான். பெண்ணைக் கட்டிக் கொடுத்தோம், பாத்திரம் பண்டம் கொடுத்தோம், இனி அவள் சோற்றுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவும் தகப்பனைப்போலப் பேசுகிறது டில்லி. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு மல்லாடுவது என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான்.

சரி, கொடுக்காத சோறு என்ன ஆகிறது? படகு என்ன ஆகிறது? இதை நீங்கள் கண்ணால் காணவேண்டும். கடல் ஓர் ஓயாத அரம். நிற்கும் படகை அது தின்னும். ஓடும் படகைவிட நிற்கும் படகை விரைவாகவே தின்னும். கட்டிக்கிடக்கும் படகின் அடியிலே முதலில் பாசி படரும். பாசியின்மேல் கொட்டலசு ஒட்டும். கைவைத்தால் தோலைக் கிழிக்கும் அந்தச் சிப்பி, படகின் வேகத்தைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று விழுங்கிவிடும். உப்புக்காற்று மின்கம்பிகளைப் பச்சைபூக்க வைக்கும். பாட்டரி செத்துவிடும். டீசல் தொட்டியிலே நீர் கோத்துக்கொள்ளும். இதை மீனவக் கிராமத்தின் பத்து வயதுப் பிள்ளையும் அறியும். அவன் தகப்பன் படகைக் கரையேற்றி, சுரண்டி, வண்ணம் பூசித்தான் மறுபடி இறக்குகிறான். கடன் வாங்கியாவது செய்கிறான், ஏனென்றால் படகு நின்றால் அடுப்பு நிற்கும். அரசாங்கப் படகு நின்றால் எந்த அடுப்பு நிற்கப்போகிறது? ஆகவே காகிதம் நடக்கிறது. நிலையத்திலிருந்து மேலிடத்துக்கு, மேலிடத்திலிருந்து கம்பெனிக்கு, கம்பெனியிடமிருந்து விலைப்புள்ளி, விலைப்புள்ளியின்மேல் நிதி இலாகாவின் ஐயம், ஐயத்துக்கு விளக்கம், விளக்கத்துக்கு ஒப்புதல். ஒப்புதல் வரும்போது முதலில் பழுதான பாகத்தோடு இன்னும் இரண்டு பாகம் பழுதாகியிருக்கும்! ரோந்துப் படகுகள் போதிய அளவு ஓடவில்லை, ஆளில்லை, எரிபொருளில்லை என்று தணிக்கை அதிகாரிகளே ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்க்கட்சிக்காரனின் பழிச்சொல் அன்று இது. அரசாங்கத்தின் சொந்தக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்து.

நான் நாடகக்காரன். மேடையில் அட்டைக் கப்பலைத் தள்ளிக்கொண்டு வருவோம். இரண்டு பேர் இருபுறமும் நின்று நீலத் துணியை அசைத்தால் அதுதான் அலை. மக்கள் கைதட்டுவார்கள். அட்டை என்று தெரிந்தே தட்டுவார்கள். அதில் வஞ்சகம் இல்லை. 'சாகர் கவச்' என்று கடலோரத்தில் அவ்வப்போது ஓர் ஒத்திகை நடக்கிறது. போலீசாரே தீவிரவாதி வேடமிட்டுக் கடல்வழி நுழைவார்கள், போலீசாரே பிடிப்பார்கள். மறுநாள் படம் வரும். ஒத்திகை வேண்டியதே, அதன் அருமையை எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒத்திகை நாளுக்காகவே டீசல் ஊற்றி, ஒத்திகை முடிந்ததும் கரையில் கட்டிப்போடுகிற படகு, அட்டைக் கப்பலைவிடப் பொல்லாதது. அட்டைக் கப்பலை நம்பி எவனும் கடலுக்குப் போவதில்லை.

டில்லியின் பதில் என்னவாக இருக்கும் என்பதை அறிவேன். "போலீஸ் உங்கள் பட்டியலில் அல்லவா இருக்கிறது?" என்பார்கள். இருக்கிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணை, இரண்டாம் பட்டியல், இரண்டாவது இனம், மனப்பாடமாகவே சொல்வேன். ஆனால் அதே சட்டத்தில் 355-ஆம் விதி என்று ஒன்று உண்டு. வெளியார் படையெடுப்பிலிருந்தும் உள்நாட்டுக் கலகத்திலிருந்தும் ஒவ்வொரு மாநிலத்தையும் காப்பது மத்திய அரசின் கடமை என்கிறது அது. கராச்சியிலிருந்து வருகிறவன் சென்னைக் கோட்டைக்குப் பகைவனா, செங்கோட்டைக்குப் பகைவனா? கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை கடற்போலீசும் காவல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். அதற்கப்பால் கடலோரக் காவல்படை, அதற்கும் அப்பால் கடற்படை என்று அடுக்குகிறீர்கள். மூன்று அடுக்கு வேலியில் இரண்டு அடுக்குக்குப் பணம் உங்கள் பெட்டியிலிருந்து. வீட்டை ஒட்டிய அடுக்குக்கு மட்டும் "நீயே பார்த்துக்கொள்" என்றால் அது என்ன வேலி?

இன்னொன்று. அந்த ரோந்துப் படகுக்கு ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டர் டீசல்மீதும் மத்திய அரசு வரி வாங்குகிறது. அந்த வரியின் பெரும்பகுதிக்குச் 'செஸ்' என்றும் சிறப்புத் தீர்வை என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள்; செஸ் என்று பெயரிட்டுவிட்டால் மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. நாட்டுக்காகக் காவல் போகிற படகின் வாயிலே ஊற்றும் எண்ணெயிலும் டில்லிக்குக் கப்பம்! மானியம் என்று இடக்கையால் நீட்டியதை வலக்கை எப்படித் திரும்பப் பெறுகிறது என்பதைப் பொதுக்கூட்ட மேடையில் சொல்லுங்கள், தோழர்களே. மக்களுக்கு உடனே விளங்கும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நிறுத்துவதற்கில்லை. பழி முழுவதையும் டில்லியின் வாசலில் இறக்கிவிட்டு வருவது நேர்மையாகாது. கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும், போலீஸ் இலாகாவில் கடலோரப் பணி என்றால் எப்படிக் கருதப்படுகிறது? ஒதுக்குப்புறம், தண்டனை மாற்றல்! கடலையே பார்த்திராதவரை, அலை கண்டால் தலைசுற்றுகிறவரைப் படகிலேற்றி, ஓரிரு ஆண்டில் அவர் கொஞ்சம் பழகுமுன் வேறிடம் மாற்றினால் படகு ஓடுமா? சுக்கான் பிடிப்பது லத்தி பிடிப்பது போன்றதன்று. அதற்கென்று வாழ்நாள் பணியாகத் தனி வரிசை வேண்டும். மீனவ இளைஞரை ஊர்க்காவல் படையிலே சேர்த்துக் கடலோரப் பணிக்கு அமர்த்தியதைப் பாராட்டுகிறேன். ஆனால் ஏன் தினப்படிக் கூலியோடு அவர்களை நிறுத்துவது? கடலின் சுழியும் மேடும் பார் எங்கே பாறை எங்கே என்பதும் அறிந்தவன் அவன். அவனை நிரந்தர வேலையில் சுக்கானருகே நிறுத்து! அதற்கு எந்த மத்திய மந்திரியின் கையெழுத்தும் தேவையில்லை.

கப்பல் என்றதும் நமக்குக் கடாரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் இராசேந்திரன் அனுப்பிய கலங்களைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடம் உண்டா? நானும் பேசியிருக்கிறேன், பேசுவேன். ஆனால் இந்த விவகாரத்தில் நான் நினைப்பது வேறொருவரை. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார் வ.உ.சி. ஊர் ஊராகப் பங்கு திரட்டிக் கப்பல்கள் வாங்கினார். வெள்ளைக் கம்பெனி கப்பலை மூழ்கடிக்கவா செய்தது? இல்லை, கட்டணத்தைக் குறைத்தது. நாள்தோறும் ஆகும் நடைமுறைச் செலவைத் தாங்கமுடியாதபடி நெருக்கியது. 1908-இல் அவரைச் சிறைக்குள் தள்ளியது அரசாங்கம். 1911-இல் கம்பெனி கலைந்தது. கப்பல் வாங்குவதற்கு ஒரு துணிவு வேண்டும். அதை மறுநாளும், மறு மாதமும், மறு ஆண்டும் ஓட்டுவதற்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரன் அந்த இரண்டாவது இடத்திலேதான் கைவைத்தான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன்? காரணம் உண்டு. 2009-க்கும் 2011-க்கும் இடையே வந்த படகுகளுக்கு வயதாகிவிட்டது. எஞ்சினை மாற்ற வேண்டும், ரேடாரைப் புதுப்பிக்க வேண்டும், இருளில் காணும் கருவி வேண்டும் என்ற பேச்சு எல்லாக் கரையோர மாநிலங்களிலும் எழத்தான் செய்யும், எழ வேண்டும். அப்போது மறுபடியும் பழைய முறையிலேயே, பொருளுக்குப் பணம், ஓட்டத்துக்குப் பட்டை நாமம் என்று மானியம் வருமானால், இன்னும் பத்தாண்டில் இதே கட்டுரையை வேறொருவர் எழுத வேண்டியிருக்கும். புது எஞ்சினுக்கு ஒரு ரூபாய் என்றால், அதன் ஆயுள் உள்ளவரை டீசலுக்கும் பழுதுக்கும் இவ்வளவு என்று ஒரே உத்தரவில் சேர்த்தெழுது என்பதே நம் கோரிக்கை. கரையேற்றிச் சுரண்ட இறங்குதளம் அருகிலேயே வேண்டும். பழுதுக்குச் சிறு தொகையை நிலையத்தின் கையிலேயே விட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்ப் பாகத்துக்குக் கோட்டைவரை காகிதம் போகலாகாது.

புதுப்பிக்கும்போது துப்பாக்கி மேடையை மட்டும் பாராமல், மிதவையையும் தூக்குக்கட்டிலையும் பாருங்கள் என்றும் கேட்போம். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் துறைமுகத்தின் வாயிலிலேயே படகு கவிழ்ந்து மீனவர் மாண்ட செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! கூப்பிடு தூரத்தில் மாளுகிறார்கள். 2017 ஒக்கிப் புயலிலே ஆழ்கடலில் தத்தளித்தவர்களை இந்தச் சிறு படகுகள் எட்டியிரா. அதற்குப் பெருங்கலங்களும் விமானமும் வேண்டியிருந்தன. ஆனால் கரையோரத்தில் கவிழ்கிறவனை எட்டலாமே! பாக் நீரிணையில் நம் மீனவரை இலங்கைக் கடற்படை பிடித்துச் செல்கிற கொடுமையை இந்தப் படகு தீர்க்காது. 1974-இலும் 1976-இலும் டில்லி போட்ட ஒப்பந்தங்களில் வேர்விட்ட துயரம் அது, அதற்கான போராட்டம் வேறு. இராமேசுவரம், வேதாரண்யம் கரைகளில் பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் இருட்டில் ஏறுவதைத் தடுக்க இந்தப் படகு உதவும். ஆனால் கடத்தல் முதலாளியை விட்டுவிட்டு, மூட்டை சுமந்த கூலியையும் மீன் பிடிக்கப் போன அப்பாவியையும் மடக்கிக் கணக்குக் காட்ட அந்தப் படகு பயன்படுமானால், முதல் கண்டனம் நம் ஏட்டிலேதான் வரும். கருவி கேட்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்வதாக எவரும் எண்ணவேண்டாம்.

கரையோர ஊர்களில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் நிலையத்துக்கென்று வந்த படகு எது, அது இப்போது நீரில் இருக்கிறதா மணலில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பாதுகாப்பு இரகசியம் எதையும் கேட்கச் சொல்லவில்லை. எங்கே போனது, எப்போது போனது என்பது அவர்கள் காரியம். எத்தனை மணி நேரம் ஓடியது என்பது நம் காரியம், ஏனென்றால் பணம் நம்முடையது. ஒவ்வொரு படகிலும் ஓட்டக் குறிப்பேடு உண்டு. எஞ்சின் எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மானியும் உண்டு. படகு எத்தனை என்ற எண்ணைத்தான் இதுநாள்வரை மன்றங்களில் சொல்லி வந்தார்கள். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் உறுப்பினர்கள் படகின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். கடந்த ஐந்தாண்டுகளில் ஒவ்வொரு படகும் ஆண்டுதோறும் எத்தனை மணி கடலில் இருந்தது, எத்தனை நாள் கரையில் பழுதாய்க் கிடந்தது, எந்தப் பாகத்துக்காகக் கிடந்தது என்ற மூன்று கேள்வியைக் கேட்கட்டும். பதிலை மேசைமீது வைத்த பிறகு, டில்லிக்கு எழுத வேண்டிய கடிதத்தில் எந்தத் தொகையைக் குறிப்பது என்பதைப் பேசலாம்.